தாமரைத் தண்டின் முறுக்கு

மஞ்சக்குப்பத்தில் சுப்பராயலு நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் அஞ்சம்மாள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. புருஷன் காசிநாதன் முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கலியாணமாகி இரண்டாம் வருஷமே காலராவில் போய்விட்டான். ஊருக்கே திரும்பி வந்துவிடு என்று தம்பி சிற்றம்பலம் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை.

தரையைக் கூட்டவும் தொட்டி கழுவவும் வந்தவள், மூன்று வருஷத்தில் டச்சிங் வேலையைக் கற்றுக்கொண்டாள். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, முகத்தில் உள்ள அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தையும் மறைக்கிற வேலை அது. வலை பின்னிப் பழகிய விரல்கள் நடுங்காமல் நின்றன. கடலூரில் பெண் பார்க்கப் போகும் முக்கால்வாசிப் படங்கள் அவள் கை பட்டுத்தான் போயின.

1958-ல் ஒருநாள் அவள் மேசைக்கு ஒரு கண்ணாடி நெகட்டிவ் வந்தது. முந்தின நாள் அவள் வீட்டுக்குப் போன பிறகு எடுத்த படம். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, வெள்ளிப் பூண் பிடித்த தடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் மீசை வெள்ளையாகவும் இருந்தாலும் ஆள் யாரென்று அவளுக்கு உடனே தெரிந்தது. ராஜமாணிக்கம்.

தவறிப்போன பென்சில் கோட்டைச் சுரண்ட அவளிடம் ஒரு சின்னக் கத்தி உண்டு. அதைக் கையில் எடுத்தாள். இரண்டு கண் இருந்த இடத்திலும் மெதுவாக ஒரு சுரண்டு போதும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாம்மா, ஒரு மூஞ்சிக்கு ஒரு நாளா?" என்றார் சுப்பராயலு.

"பெரிய மனுசன் மூஞ்சி. பாத்துத்தான் செய்யணும்."

கடைசியில் கத்தியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். கன்னத்துச் சுருக்கம், கழுத்துத் தொங்கல் எல்லாவற்றையும் மறைத்துப் பத்து வயது குறைத்து அனுப்பினாள். ராஜமாணிக்கம் படத்தைப் பார்த்து ரொம்ப மெச்சினாராம். பிற்பாடு அவள் சுப்பராயலுவிடம் சொன்னாள்: "அன்னிக்குக் கீறியிருந்தா கண்ணாடிக்குத்தான் காயம். அவுரு மேல படணும்னுதான் விட்டு வச்சேன்."

என்ன பகை என்றால், அது 1944-ல் நடந்தது.

கிள்ளைக்குத் தெற்கே கழிமுகத்தை ஒட்டி மணக்கழி என்று ஒரு மீனவர் குப்பம். அங்கே மணல்மேட்டில் நாலுகால் கல்மண்டபம் ஒன்று. மாசி மகத்தன்று உள்ளூர்ப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வந்து அந்த மண்டபத்தில் இறங்குவார். அங்கே முதல் பரிவட்டம், சாமி மேல் சாத்திய துணியைத் தலையில் கட்டும் மரியாதை, பக்கிரியின் வீட்டுக்கு. பக்கிரி அஞ்சம்மாளின் அப்பன். பரிவட்டம் கட்டிக்கொண்டதும் அவன் தன் சொந்தக் கயிற்றால் பல்லக்குத் தண்டைக் கட்டி முதல் தோள் கொடுப்பான். அவன் அப்பனும், அவனுக்கு அப்பனும் செய்தது. பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. மண்டபத்தின் வடகிழக்குத் தூணில் அதைச் செதுக்கி வைத்திருந்தார்கள். கீழே ஒரு சுறா. அதன் மேலே ஒரு கட்டுமரம். கட்டுமரத்தைப் பிணைத்த கயிறு அப்படியே தூணில் வளைந்து ஏறி, மேலே இருந்த பல்லக்குத் தண்டைச் சுற்றி முடிச்சாக நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத குப்பத்துக்கு அதுவே பட்டயம்.

தகப்பனார் இறந்து தர்மகர்த்தா பதவிக்கு ராஜமாணிக்கம் வந்தார். கரையில் நிற்கிற மீன்காரன் தலையில் தன் கையால் துணி கட்டிவிட்டுத் தான் இரண்டாவதாகக் கட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருஷம் தை மாதத்தில் மண்டபத்தைப் பழுது பார்க்கிறோம் என்று சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டினார்கள். பத்து நாள் கழித்துத் தட்டியைப் பிரித்தபோது வடகிழக்குத் தூணில் சுறாவும் இல்லை, கட்டுமரமும் இல்லை. நீளத் தண்டோடு ஒரு தாமரை மலர்ந்து நின்றது.

மாசி மகத்தன்று பக்கிரி கயிற்றோடு போய் நியாயம் கேட்டான். கூடப் போன அஞ்சம்மாளுக்கு வயது பதிமூன்று.

"எந்தக் கல்லைச் சொல்றே? காட்டு," என்றார் ராஜமாணிக்கம்.

"இந்தக் கல்லுதாங்க. இழைச்சிட்டிங்க."

"திருடன்னு சொல்றியா என்னை?"

அவர் ஆட்கள் பக்கிரியை, அவன் கொண்டுவந்த கயிற்றாலேயே அந்தத் தூணில் கட்டினார்கள். பிடரியில் கைவைத்துத் தலையைக் குனியவைத்தார்கள். "தாமரையைப் பாத்துச் சொல்லு, மீனு எங்க இருக்குதுன்னு" என்று ராஜமாணிக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். உச்சி வெயில் சாயும்வரை கட்டு அவிழவில்லை. அவனைக் கட்டிய தூணுக்குப் பக்கத்திலேயே நின்று முதல் பரிவட்டத்தை அவர் கட்டிக்கொண்டார். குப்பத்து ஜனம் பார்த்துக்கொண்டு நின்றது.

பக்கிரி அதற்குப் பிறகு யாரோடும் அதிகம் பேசவில்லை. சித்திரையில் ஒருநாள் தனியாகக் கடலுக்குப் போனான். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. காற்று அடிக்கவில்லை, அலையும் இல்லை. அவன் ஏன் திரும்பவில்லை என்று அஞ்சம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1962-ல் சுப்பராயலு ஸ்டூடியோவின் பின்கட்டை இடித்துப் பெரிதாக்க நினைத்தார். அங்கே அவருடைய தாத்தா எடுத்த பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. தாத்தா அந்தக் காலத்தில் பெரிய மரக்காமிராவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, துரைமார் கேட்ட கோயில், கோட்டை, சத்திரம் எல்லாவற்றையும் எடுத்தவர். இப்போது அவற்றைக் கேட்பார் இல்லை. ஆனால் கண்ணாடி நல்ல கண்ணாடி. சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சோடா உப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் மேலே இருக்கும் படலம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். உரிக்கும் வேலை அஞ்சம்மாளுக்கு வந்தது.

நூற்றுக்கு மேல் உரித்திருப்பாள். மூன்றாம் நாள் ஒரு கண்ணாடியைத் தண்ணீரில் முக்கி, மேல் மூலையில் ஆகாயம் இருந்த இடத்தை உரித்தபின், ஏனோ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாலு கால் மண்டபம் ஒன்று. பக்கத்தில் ஒற்றைப் பனை. ஒரு தூண் மட்டும் காமிராவுக்கு முகம் கொடுத்து நின்றது. அந்தத் தூணின் அடியில், சிறுவயதில் அவள் உட்கார்ந்து சோழி ஆடிய பீடத்தில், நாக்குப் போல ஒரு விரிசல் ஓடியது. விரிசலுக்கு மேலே சுறா.

தண்ணீரிலிருந்து அதை எடுத்துத் தன் முந்தானையில் ஒற்றி, நிழலில் காயவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஈ மொய்க்காமல் விசிறினாள். சுப்பராயலு வந்து பார்த்தபோது அவள் முகம் அவருக்குப் பயமாக இருந்தது.

"இது எந்த வருசத்துப் படம்?" என்று கேட்டாள்.

கண்ணாடியின் ஓரத்தில் மையால் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவர் படித்துச் சொன்னார். 1903, ஜனவரி. தாத்தாவின் பதிவு நோட்டிலும் அந்தக் கண்ணாடியின் எண்ணுக்கு நேரே மணக்கழி மண்டபம் என்று இருந்தது.

அன்றே பெரிதாக்கிப் பிரிண்டு போட்டார்கள். பழைய கண்ணாடித் தட்டுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே இருப்பது கலங்காது. தொட்டியில் தாள் மிதக்க மிதக்கக் கல் எழும்பி வந்தது. சிறுபிள்ளையில் அவள் தடவிப் பார்த்த கல்லில் இத்தனை வேலை இருந்தது அவளுக்கே தெரியாது. சுறாவின் செவுள்வெட்டு ஐந்தும் தெரிந்தது. கயிற்றின் புரிகள் தெரிந்தன. முடிச்சு தெரிந்தது. அதன்பின் அவள் வேறொன்றையும் கவனித்தாள். தூணின் அடியிலிருந்து மேலே போகும் கயிற்றின் வளைவை விரலால் தடவிக்கொண்டே போனாள். இப்போது தூணில் இருக்கும் தாமரைத் தண்டும் அதே வளைவில்தான் போனது. கல் தச்சன் கயிற்றை அழிக்கச் சோம்பல்பட்டு, அதையே தண்டாக்கி, மேலே பூவைச் செதுக்கிவிட்டான்.

அவள் சிரித்ததைச் சுப்பராயலு அன்றுதான் முதல்முறை பார்த்தார்.

கடலூரில் அந்தோணிசாமி என்று ஒரு வக்கீல் இருந்தார். அவர் பெண் கலியாணத்துக்கு அவள்தான் படங்களை டச்சிங் செய்திருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் மரியாதை சம்பந்தமான வழக்கை விசாரிக்கச் சிதம்பரத்துக்கு ஓர் அதிகாரி வருவதாகவும், அவர் முன்னால் மனு போடலாம் என்றும் சொன்னார்.

"உங்க குடும்பத்துக்கு முதல் பரிவட்டம் திரும்பக் கிடைக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்லிங்க. அவுரு கையால கட்டணும். அதையும் எழுதுங்க."

"மரியாதை வந்தா போதாதா?"

"போதாது."

மனு போன பத்தாம் நாள் சிற்றம்பலம் ஸ்டூடியோவுக்கு வந்தான். அப்பன் போகும்போது அவனுக்கு நாலு வயது. இப்போது ராஜமாணிக்கத்தின் காரை ஓட்டுகிறான். காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அக்கா, அந்தக் கண்ணாடியக் குடுத்துடு. அவுரு நல்லவுரு அக்கா. எனக்கு வீடு கட்ட எடம் குடுத்திருக்காரு. எம் மவனுக்கு அவுருதான் பேரு வச்சாரு."

"ஒன் அப்பன கட்டி வச்சது யாருன்னு அந்த மவனுக்குச் சொன்னியா?"

"எப்பவோ நடந்தது. எனக்கு அந்தத் துணியும் வேணாம், தோளு குடுக்கவும் வேணாம். என் பொழப்பக் கெடுக்காத."

"நீ சின்னப் புள்ள. அம்மா ஒன்ன வூட்டுல வச்சிருந்துச்சு. நான் அங்க நின்னேன். அப்பாரு தாகத்துக்குத் தண்ணி கேட்டாரு. நான் கொண்டாந்த செம்பத் தட்டி வுட்டானுங்க. மணல்ல ஊத்துன தண்ணிய அவுரு பாத்துகிட்டே இருந்தாரு. ஒனக்கு அது தெரியாது. அதனால நீ அந்தக் காருல உக்காரலாம். போ."

அவன் போய்விட்டான். சுப்பராயலு கண்ணாடியை எடுத்துப் போய்த் தன் வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்.

1963 ஆடி மாதம் சிதம்பரத்தில் விசாரணை. ராஜமாணிக்கத்துக்கு இரண்டு வக்கீல். அவரே சரிகை அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அஞ்சம்மாள் அவருக்கு நேரே, கண்ணை எடுக்காமல் நின்றாள். அவர்தான் இரண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய வக்கீல் எழுந்து, சிற்பத்தில் மீன் என்பது எல்லாக் கோயிலிலும் உள்ள அலங்காரம் என்றார். இது மகரம், தோரணத்திலும் நீர் விழும் தூம்புவாயிலும் காண்பது. கங்கைக்கு வாகனம், மங்கலச் சின்னம். இதைக் காட்டி ஒரு குப்பம் உரிமை கேட்டால், யாளியைக் காட்டிக் காடே உரிமை கேட்கும். சபையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் லேசாகப் புன்னகைத்தார்.

"நீ என்னம்மா சொல்றே?"

அஞ்சம்மாள் பெரிய பிரிண்டை மேசையில் விரித்தாள்.

"மகரம் எனக்கும் தெரியுங்க. சிதம்பரம் கோயில்ல பாத்திருக்கேன். மகரத்துக்கு ஆனை மாதிரி துதிக்கை இருக்கும். வாலு பூங்கொடியாப் போவும். இதுக்குத் துதிக்கை இல்ல. வாலு ரெண்டு மடலு, மேல் மடலு நீளம், கீழ் மடலு குட்டை. செவுள்ல அஞ்சு வெட்டு. இது சுறாங்க. பாத்து, புடிச்சு, அறுத்துப் பழகுனவங்க சொல்லி, தச்சன் செதுக்கினது."

பிறகு மடியிலிருந்து ஒரு முழக் கயிற்றை எடுத்தாள். அதிகாரியின் மேசையில் இருந்த உருட்டுக் கோலையும் அவர் குடைக்கம்பையும் சேர்த்துவைத்து, கட்டுமரத்தின் மரங்களைப் பிணைக்கும் முடிச்சைப் போட்டாள். "இத இழுத்துப் பாருங்க. ஈரமானா இறுகும். எங்க ஆளுங்களத் தவிர யாரும் இப்பிடிப் போட மாட்டாங்க." கயிற்றைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். கல்லில் இருந்த முடிச்சும் கயிற்றில் இருந்த முடிச்சும் ஒன்றாக இருந்தன. "மரத்தக் கட்டுன கயிறுதாங்க சாமி தண்டையும் கட்டுது. கல்லு சொல்றது அதுதான். வேற ஒண்ணும் சொல்லல."

சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வக்கீல் எழுந்து, அந்தப் படத்தில் இருப்பது மணக்கழித் தூண்தான் என்று எப்படி நம்புவது, பீடத்தில் விரிசல் எந்தக் கல்லிலும் இருக்கும் என்றார். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள்.

"ஐயா ஒரு தடவ வந்து, இப்ப இருக்குற தாமரையப் பாருங்க. தண்டத் தொட்டுப் பாருங்க. எந்தத் தாமரைத் தண்டுக்கு முறுக்கு இருக்குது?"

ராஜமாணிக்கத்தின் கை அங்கவஸ்திரத்தை இறுக்கிப் பிடித்ததை அவள் பார்த்தாள். அந்தத் தண்டை அவர் இருபது வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண்ணில் பட்டதில்லை.

அடுத்த வாரம் அதிகாரி மணக்கழிக்கு வந்தார். படத்தைத் தூணோடு ஒட்டிப் பிடித்தார். தண்டின் மேல் விரலை ஓட்டினார். கீழிருந்து மேல்வரை கயிற்றுப் புரிகள் வலமாக முறுக்கிக்கொண்டு போயின. தாமரைக்குக் கீழே, இழைத்த இடத்தில், சுறாவின் மேல்மடலின் நுனி ஒரு விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. மாசி மகத் தீர்த்தவாரியில், பக்கிரியின் நேர் வாரிசுக்குத் தர்மகர்த்தா தம் கையால் முதல் பரிவட்டம் கட்ட வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து வாரிசு வந்து ஏற்காவிட்டால் அந்த உரிமை கோயிலைச் சேரும்.

அந்தக் கடைசி வரியை ராஜமாணிக்கம் பிடித்துக்கொண்டார். சிற்றம்பலம் வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

1964 மாசி மகத்தன்று மணல்மேடு கொள்ளாத கூட்டம். வழக்கு விஷயம் சுற்று வட்டாரமெல்லாம் பரவியிருந்தது. பெருமாள் வந்து மண்டபத்தில் இறங்கினார். தீபாராதனை முடிந்து பட்டர் சாமி மேலிருந்த துணியை எடுத்துத் தட்டில் வைத்தார். "பக்கிரி வாரிசு யாரு?" என்று மூன்றுமுறை கூப்பிட்டார். சிற்றம்பலம் தூரத்தில் காருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். ராஜமாணிக்கத்தின் முகத்தில் ஓர் அமைதி வந்தது. தட்டு அவர் பக்கம் திரும்பியது.

அஞ்சம்மாள் படியேறினாள்.

"பொம்பளைக்கு ஏது பரிவட்டம்?" என்றார் ராஜமாணிக்கம். "அதுலயும் தாலி இல்லாதவ."

அவள் உத்தரவுக் காகிதத்தைப் பட்டரிடம் நீட்டினாள். "வாரிசுன்னுதான் போட்டிருக்குது. மவன்னு போடல. படிச்சுப் பாருங்க சாமி."

பட்டர் படித்தார். விசாரணை அதிகாரி அனுப்பிய எழுத்தரும் அங்கே வந்திருந்தார். பட்டர் அவரைப் பார்க்க, அவர் தலையை அசைத்தார். குப்பத்து ஜனம் முழுக்க மண்டபத்தை நெருங்கி வந்தது. இருபது வருஷத்துக்கு முன் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஜனம். இந்தத் தடவை யாரும் தள்ளி நிற்கவில்லை. ராஜமாணிக்கம் திரும்பிப் போகலாமா என்று பார்த்தார். வழி இல்லை. துணியைக் கையில் எடுத்தார்.

அவள் உயரமானவள். அவர் குட்டை, தோள்பட்டை பிடிப்பு வேறு.

"கொஞ்சம் குனிம்மா," என்றார் பட்டர்.

"குனிய மாட்டேன். எங்கப்பாரு இந்த எடத்துல குனிஞ்சது போதும். எட்டலைன்னா எக்கிக் கட்டட்டும்."

ராஜமாணிக்கம் குதிகாலைத் தூக்கி நின்றார். துணி ஒருமுறை நழுவியது, மறுபடி எடுத்துக் கட்டினார். அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. நரைத்த மீசையில் வியர்வை நின்றது. அவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை அவள் நெகட்டிவில்தான் பார்த்திருந்தாள். ஒரு சுருக்கத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டாள். கட்டி முடித்ததும் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"இப்ப சொல்லுங்க. மீனு எங்க இருக்குது?"

அவர் படியிறங்கிக் காரை நோக்கி நடந்தார். இரண்டாவது பரிவட்டத்துக்கு அவர் நிற்கவில்லை. பட்டர் தட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அஞ்சம்மாள் பல்லக்குத் தண்டைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முடிச்சை இறுக்கி, தோள் கொடுத்தாள்.

அதன்பின் ராஜமாணிக்கம் பதவியை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய் இருந்துகொண்டார். சிற்றம்பலத்தின் வேலை போனது. அவன் நாலு வருஷம் அக்காளோடு பேசவில்லை. குமராட்சிப் பக்கம் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தான். அது தன்னால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்காக வருந்தினாள். மற்றதற்கு வருந்தவில்லை. புண்பட்ட மனசு கடைசியில் தேறியதா என்று அந்தோணிசாமி ஒருமுறை கேட்டபோது, "தேறிச்சு" என்றாள். "மூணு மாசம் நல்லாத் தூங்கினேன். அப்புறம் அந்தச் செம்புத் தண்ணி ஞாபகம் வந்துடிச்சு. அதுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலியே."

1968 ஐப்பசியில் சிற்றம்பலத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது. நாலு வருஷத்தில் முதல் கார்டு. ராஜமாணிக்கம் இறந்துவிட்டார் என்றும், கடைசிப் பத்து நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தான். வேறு எதுவும் இல்லை.

அஞ்சம்மாள் அதை இரண்டுமுறை படித்து மேசையில் வைத்தாள். கையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணின் நெகட்டிவை நிதானமாக முடித்தாள். பிறகு வெளியே போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்து, ஸ்டூடியோவில் எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள்.

"என்னாம்மா விசேஷம்?" என்று கேட்க வாயெடுத்த சுப்பராயலுவின் கண்ணில் மேசைமேல் கிடந்த கார்டு பட்டது. அவர் அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.